அளவுக் குச்சியைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு சுவர் முழுவதற்கும் அலமாரி செய்யத் துணிந்துவிட்டீர்கள் என்ற செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. இங்கே நானும் சும்மா இருக்கவில்லை. புத்தக அலமாரி ஒன்றை முடித்துவிட்டு, இப்போது அதே அளவில் இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறேன். இந்த இரண்டாவது அலமாரிக்கு இதுவரை டேப்பை நான் எடுக்கவே இல்லை. அளவுகளை எல்லாம் பெரிய தாளில் எழுதி வைத்திருப்பதாகவும், அது போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து. அந்தத் தாளுடன் அளவுக் குச்சிகளையும் செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் ஸ்டோரி ஸ்டிக் என்று சொல்லப்படும் இந்த அளவுக் குச்சி வேறொன்றுமில்லை. செய்யப்போகும் பொருளின் ஓர் அளவை, சுருக்காமல் முழு நீளத்தில், கோடுகளாக ஏற்றி வைத்த மரச்சட்டம்தான் அது. செங்கல் வரிசைகளின் உயரத்தைக் குறித்து வைத்த கட்டையைக் கொத்தனார்கள் மூலையில் நிறுத்திச் சுவர் எழுப்புவதும் இதே முறைதான். அலமாரிக்குப் பொதுவாக மூன்று குச்சிகள் வேண்டும்: அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று. முடிச்சில்லாத நேரான ரீப்பர் கட்டையை இழைத்து, முனைகளைச் சதுரமாக அறுத்துக்கொண்டால் போதும். கோடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வெளிர்நிற மரமாகப் பாருங்கள். மரம் சுருங்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். சுருக்கம் பெரும்பாலும் அகலத்தில்தான் ஏற்படும். பச்சை மரம் முழுதாகக் காயும்போதுகூட நார் ஓடும் திசையில் அது சுருங்குவது பொதுவாக நூற்றில் 0.1 அல்லது 0.2 பங்கு மட்டுமே. நன்றாகக் காய்ந்த சட்டத்தில், இந்த வேலைக்கு, அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

டேப்பில் என்ன குறை என்று நீங்கள் எண்ணலாம். அதன் நுனியில் உள்ள கொக்கி சற்று ஆடுவது பழுதல்ல. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் இடையே கொக்கியின் கனத்தை ஈடுகட்டுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் டேப் ஓரிரு முறை கீழே விழுந்து அந்தக் கொக்கி வளைந்துவிட்டால், அந்த ஈடு பொய்த்துவிடும். மேலும், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரண்டாம் வகுப்பு டேப்புக்கு 3 மீட்டர் நீளத்தில் 0.9 மி.மீ. வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சுவரை ஒரு டேப்பாலும் பலகையை இன்னொரு டேப்பாலும் அளந்தால், இரண்டும் விதிப்படி சரியாக இருந்தும், கதவு இடிக்கக்கூடும். இதைவிடப் பெரிய தொல்லை எண்ணைப் படித்து, மனத்தில் வைத்து, மறுபடி பலகையில் எழுதுவதில் இருக்கிறது. 687 என்பது 678 ஆவதற்கு ஒரு நொடி போதும். குச்சியில் படிப்பதற்கு எண்ணே இல்லை; கோட்டின் மேல் கோட்டை வைக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் வெற்றுக் குச்சிகளுடன் அலமாரி நிற்கப்போகும் இடத்துக்குப் போங்கள். தரையில் மிக உயர்ந்த இடத்தை ரசமட்டம் வைத்துக் கண்டுபிடித்து, உயரக் குச்சியை அங்கே நிறுத்தி, சன்னலின் அடிவிளிம்பு, பிளக் பாயிண்ட், குழாய், உத்தரம் என்று குறுக்கே வரும் அனைத்தையும் அதில் ஏற்றிவிடுங்கள். அகலத்தை ஓர் இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள். தரையோரம், இடுப்புயரம், மேல்பகுதி என மூன்று இடங்களில் எடுத்து, அவற்றில் மிகக் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள அகலத்துக்கு, ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு சட்டங்களைப் பிடித்து, முனைகள் சுவரைத் தொடும் நிலையில் கிளாம்பால் இறுக்கினால், வளைந்த டேப்பை மூலையில் அழுத்திப் படிக்கும் அவதி இராது.

இனி பட்டறை வேலை. உயரக் குச்சியை எடுத்து அதன் கீழ்முனையில் ‘தரை’ என்று எழுதுங்கள். எல்லாக் கோடுகளும் அந்த முனையிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு என்று தாவித்தாவி அளந்தால், ஒவ்வொரு தாவலிலும் அரை மி.மீ. ஒரே பக்கமாகப் பிசகினாலும், ஐந்தாவது தட்டில் அது இரண்டரை மி.மீ. ஆகிவிடும். உதாரணத்துக்கு, 100 மி.மீ. அடிப்பீடத்தின் மேல் 720 மி.மீ. உயரப் பெட்டி வருகிறது என்று கொள்வோம். பீடத்தின் கோட்டைப் போட்டதும், பெட்டியின் அடிப்பலகைக்கு 18 மி.மீ. என்று அளந்து குறிக்க வேண்டாம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பிளைவுட்டின் துண்டு ஒன்றையே குச்சியின்மேல் நிறுத்தி, அதன் இரு பக்கமும் கூரிய கத்தியால் கீறி, நடுவே பென்சிலால் நிழலிட்டுவிடுங்கள். 18 என்று விற்கப்படும் பலகை பலமுறை 18 இருப்பதில்லை. துண்டை வைத்துக் கீறினால் அந்த வேறுபாடு தானாகவே குச்சியில் ஏறிவிடும். கோட்டின் எந்தப் பக்கம் மரம், எந்தப் பக்கம் வெற்றிடம் என்ற குழப்பமும் நிழலால் தீர்ந்துபோகும்.

குச்சிக்கு நான்கு முகங்கள் இருப்பது பெரிய வசதி. பெட்டிக்கு ஒரு முகம், கதவுகளுக்கும் இழுப்பறை முகப்புகளுக்கும் இன்னொரு முகம் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். அதே 720 பெட்டியில் மூன்று இழுப்பறைகள், முகப்புகளுக்கு இடையே 3 மி.மீ. இடைவெளி என்றால், இரண்டு இடைவெளிகள் போக 714 மிஞ்சும். மேலே 140, கீழே 287, 287 என்று அது அழகாகப் பிரியும். இதை இரண்டாம் முகத்தில் வரைந்த பிறகு குச்சியைத் திருப்பி முதல் முகத்தைப் பாருங்கள். இழுப்பறையைத் தாங்கி நகர்த்தும் சேனல் எங்கே வருகிறது, அதன் திருகு நடுத்தட்டில் இடிக்கிறதா என்பதெல்லாம் பலகையை அறுப்பதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். அகலக் குச்சியிலும் இப்படித்தான்: பந்து உருளும் வகைச் சேனலுக்குப் பொதுவாக ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. விட வேண்டும் என்றாலும், கையில் உள்ள சேனலையே வைத்துக் குறிப்பது நல்லது. குச்சியின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். துல்லியம் ஒருபுறம் இருக்கட்டும்; அறுக்கும்போது எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லாம் உட்கார்ந்து யோசிக்கும்போதே எடுக்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. தாளில் சிறிதாக வரைந்த படம் இதைச் செய்வதில்லை; அதில் எல்லாமே பொருந்துவதுபோல்தான் தெரியும்.

குறிகளைப் பலகைக்கு மாற்றுவது எளிய வேலை. இடப்பக்கப் பலகையையும் வலப்பக்கப் பலகையையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்முகங்கள் மேலே இருக்குமாறு கிளாம்பில் இறுக்கி, குச்சியை ஒட்டி வைத்து, மூலைமட்டத்தால் இரண்டின் மேலும் ஒரே வீச்சில் கோடிழுங்கள். தட்டு ஒருபக்கம் சாய்வதற்கு அதன்பின் வழியே இல்லை. ரம்பத்தில் அறுக்கும்போதும் குச்சியையே வழிகாட்டியிடம் வைத்து, கோட்டுக்கு நேராக ரம்பத்தின் பல்லைக் கொண்டுவந்து, மறுமுனையில், பலகை முட்டி நிற்பதற்கான தடைக்கட்டையைப் பொருத்திவிடுங்கள். அறுப்பில் 3 மி.மீ. அளவுக்கு மரம் தூளாகப் போகும் என்பதால், பல் கோட்டின் வெற்றுப்பக்கம் நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரே நீளத் துண்டுகளை எல்லாம் அந்த ஒரே அமைப்பில் அறுத்து முடித்த பிறகே தடைக்கட்டையை நகர்த்துங்கள்.

குச்சியால் ஆகாதவையும் உண்டு. சாய்ந்த சுவருக்கும் வளைந்த விளிம்புக்கும் மெல்லிய பலகையில் மாதிரி வடிவம் வெட்டித்தான் ஆக வேண்டும். பெட்டியைப் பொருத்தி முடித்த பிறகு இழுப்பறைகளை அறுப்பதற்கு முன், குச்சி சொல்லும் உள்ளகலமும் பெட்டியின் உண்மையான உள்ளகலமும் ஒன்றா என்று சரிபார்க்க வேண்டும். வேறாக இருந்தால் பெட்டி சொல்வதே கணக்கு. கணினியில் பட்டியல் போட்டு இயந்திரத்தில் அறுப்பவர்களுக்கு இதெல்லாம் வீண்வேலையாகத் தோன்றலாம், அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலுக்கான எண்களும் யாரோ ஒருவர் சுவரில் எடுத்த அளவிலிருந்து வந்தவைதானே?

மூலையில் இரண்டு வரிசைகள் சந்திக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இரண்டு அகலக் குச்சிகள் செய்து, ஆழக் குச்சியில் உள்ள கதவின் கனத்தையும் கைப்பிடியின் நீட்டத்தையும் இரண்டிலும் ஏற்றுங்கள். அப்போது ஒரு வரிசையின் இழுப்பறை மற்றதன் கைப்பிடியில் இடிக்காமல் இருக்க எவ்வளவு அகலத்தில் நிரப்புக்கட்டை வேண்டும் என்பது நேராகத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். எந்த அலமாரி, எந்தத் தேதி, எந்தக் கனப் பலகை என்று எழுதி மாட்டி வையுங்கள். நான் இப்போது செய்யும் இரண்டாவது அலமாரி முழுவதும் முதலாவதின் குச்சிகளிலிருந்தே வருகிறது. புதிய பலகை சற்று மெலிதாக இருந்ததால், பழைய கோடுகளை இழைப்புளியால் ஓர் இழை எடுத்து நீக்கிவிட்டு மறுபடி கீறினேன்.

உங்கள் சுவரில் மூன்று உயரங்களிலும் எடுத்த அகலம் எவ்வளவு வேறுபடுகிறது என்று எழுதுங்கள். 10 மி.மீ. அளவுக்கு மேல் என்றால், ஓரச் சட்டத்தைச் சுவரின் வளைவுக்கேற்ப இழைத்துப் பொருத்தும் முறையை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்