போட்டிக்கு முந்தைய வாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீச்சல் போட்டித் தேதி நெருங்க நெருங்க, பயிற்சியாளர்கள் 12, 13 வயதுப் பிள்ளைகளைக் காலை மாலை இரு வேளையும் குளத்தில் இறக்கித் தூரத்தைக் கூட்டுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஏறத்தாழ 16 வாரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் 7, 8 வாரம் அடித்தளம். அதற்கான வேகத்தைக் கண்மதிப்பில் வைக்கக் கூடாது. 400 மீட்டரை முழு மூச்சாக நீந்தவிட்டு, நன்றாக ஓய்வு கொடுத்து, 200 மீட்டர் நீந்தச் சொல்லுங்கள். முதலாவதற்கு 6 நிமிடம், அடுத்ததற்கு 2 நிமிடம் 50 நொடி என்றால் வித்தியாசம் 190 நொடி. அதில் பாதி, 95 நொடி. அதுதான் அந்தப் பிள்ளைக்கு 100 மீட்டருக்கான பயிற்சி வேகம். இந்த வேகத்தில் பத்து முறை 100 மீட்டர், நடுவில் 15 நொடி ஓய்வு. மூன்று வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட வேண்டும். உடல் தேறுவது அந்த வாரத்தில்தான்.

அடுத்த 6 வாரம் பந்தய வேகம். இந்தக் கட்டத்தில் கையசைவுகளை எண்ணுங்கள். 50 மீட்டருக்கு 42 முறை கைபோட்ட பிள்ளை, அதே நேரத்துக்கு 47 போட்டால் களைத்துவிட்டது என்று பொருள். திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் அன்று தூரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

கடைசிப் பத்து நாள் 'டேப்பர்', அதாவது தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் கட்டம். தினம் 4,000 மீட்டர் நீந்தியவர் 3,000, பிறகு 2,000 எனக் குறைக்கலாம். வேகத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. முழு வேகத்தில் நான்கு 25 மீட்டர், இரண்டு நிமிட இடைவெளியோடு, தொடர வேண்டும். முழு ஓய்வு என்று நான்கைந்து நாள் குளத்துக்கே வராமல் இருந்தால், கைக்குத் தண்ணீரின் பிடி விட்டுப்போகும்.

பொதுத்தேர்வு முடிந்து திரும்பும் மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் விட்டவருக்கு முதல் நாளே பழைய தூரமும், பேடிலும் (தண்ணீரைத் தள்ளக் கையில் மாட்டும் தட்டைப் பலகை) கொடுப்பதால்தான் தோள்வலி வருகிறது. பாதித் தூரத்தில் தொடங்கி, மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு வந்தால் போதும். பேடில் அதன் பிறகு.

இவ்வளவும் போட்டித் தேதி முன்கூட்டியே தெரிந்தால்தான் நடக்கும். மூன்று வாரத்துக்கு முன் தேதி சொன்னால் எந்தப் பயிற்சியாளராலும் திட்டம் போட முடியாது. மாவட்டப் போட்டிகளின் தேதியை நான்கு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளர், சென்னை