பெரியங்கங்காணி வீடு: குடும்பச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் பெரியப்பாவுக்கும், சபைக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும், கூடலூரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் கைபேசியில் இணைந்திருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் வழக்கம்போல புசல்லாவையில் பெரிய அத்தை வீட்டில் நடந்தன. கூட்டக் குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன, வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பெரிய கங்காணியாக, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்தவராக இருந்த நம் கொள்ளுத்தாத்தாவின் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையைப் பற்றி நான் பேசுகிறேன்.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை வந்தபோது நம் பிள்ளைகள் சிலரும் கூட நடந்தார்கள். கால் கொப்பளத்தோடு திரும்பி வந்தவர்கள், "நம்ம பழைய வீடு இன்னும் நிக்குதா?" என்று கேட்டதில் ஆரம்பித்ததுதான் இந்த வேலை. வீடு நிற்கிறது. உயரமான கருங்கல் அடித்தளத்தைப் பார்த்து லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் இன்னும் அதைக் 'கோட்டை வீடு' என்றுதான் சொல்கிறார்கள்.

சென்ற ஆண்டு நமக்கு ஒரு நட்டம் ஏற்பட்டது. முற்பணம் வாங்கிய ஒப்பந்தக்காரர் ஒருவர், வேண்டாம் என்று சொல்லியும் மேற்குச் சுவர் முழுக்கச் சீமெந்து பூசிவிட்டுப் போனார். தென்மேற்கு மழை முடிந்து பார்த்தபோது சுவரின் அடிப்பாகம் ஊறிப் போயிருந்தது. அது கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர். ஈரத்தை உள்ளே வாங்கும், பிறகு வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் அந்த ஈரம் போக வழியில்லை, உள்ளேயே நின்று மண்ணைக் கரைத்துவிடும். இப்போது வேலை செய்யும் மேசன் பாஸ் (கொத்தனார்) பழைய ஆள். உளியால் மெதுவாகத் தட்டித் தட்டிச் சீமெந்தை உரித்தார். ஓரிடத்தில் பூச்சு பலகை போலக் கழன்று விழுந்தது. உள்ளே கல் இடுக்கில் மண்ணை அழுத்திய விரல் தடம் நான்கு, வரிசையாக, அப்படியே இருந்தது. யாருடைய விரலோ. பாஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த இடத்தை மட்டும் பூசாமல் கண்ணாடி போட்டு வைக்கலாம் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

மீதிச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். மாத்தளைச் சூளையிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, தொட்டியில் நீற்றி, வாரக்கணக்காகத் தண்ணீருக்கடியில் வைத்திருந்து, பிறகு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசினோம். மாசி வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்று ஈரச்சாக்கு தொங்கவிட்டோம். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் கொழுந்துக்குப் போய்வந்த பிறகு, சாயந்தரம் வந்து சாக்கு நனைத்தார்கள். கூலி கொடுத்தோம், ஆனாலும் அந்த அக்கறைக்குக் கூலி போதாது. கூரைக்குப் பழைய தகரத்தில் நல்லதைத் தேர்ந்து திரும்பப் போட்டோம். கறையான் அரித்த வாசல் நிலைக்குப் பலா மரம் வாங்கியாயிற்று, தச்சுப் பாஸ் வரவேண்டும்.

இனி உறுதி, அதாவது காணிப் பத்திரம். பங்கு பிரிக்காத காணி என்பதால் எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டியிருந்தது. இங்கே இருப்பவர்களிடம் சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) வாங்குவது சுலபம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர்களைத் தேடுவதுதான் பெரிய வேலை. அந்த ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. நம் வீட்டில் அது அண்ணன் இங்கே தங்கை அங்கே என்று ஆனது. கூடலூர் அத்தை, தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் போனில் கேட்டார்: "குசினி ஜன்னல்ல நின்னா ஸ்டோர் புகை தெரியுமே, இப்பவும் தெரியுதாப்பா?" ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறிய பெண்ணுக்கு மனதில் நின்றது அந்த ஜன்னல்தான். குசினி, அதாவது சமையலறைச் சுவரைப் புதுப்பிக்கும்போது ஜன்னலை நகர்த்தக்கூடாது என்று பாஸிடம் சொல்லிவிட்டேன்.

இனி, நாம் அதிகம் விவாதித்த விஷயம். தட்டுமுட்டுகளை ஒதுக்கும்போது மரப்பெட்டிக்குள் கொள்ளுத்தாத்தா தன் ஆட்களின் கணக்கு எழுதிய பேர்ப் புத்தகம் கிடைத்தது. ஈரத்தில் ஒட்டிப்போன தாள்களை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஊர் எழுதியிருக்கிறது: முசிறி, துறையூர், நாமக்கல். அதற்குப் பக்கத்தில் கடன்: வழிச்செலவு, அரிசி, கம்பளி ஒன்று. குளிருக்கு மூடிய கம்பளியும் கடனில்தான் ஏறியிருக்கிறது. அன்று துண்டு முறை இருந்தது. கங்காணியின் ஆட்களுக்கு உள்ள கடனை இன்னொரு தோட்டம் கட்டினால் அவர்களை விடுவிப்போம் என்று துரை (தோட்ட நிர்வாகி) எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அதுவரை கடன் ஆளோடு சேர்ந்தே தோட்டம் மாறியது. ஆள் ஒருவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. நம் கோட்டை வீட்டின் கல் எந்தக் காசில் ஏறியது என்பது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

இதை வெளியே வைக்க வேண்டுமா என்று கேட்டார் பதுளை மாமா. "நம்ம தாத்தாவை நாமளே குறை சொல்றதா?" என்றார். அவர் மனம் எனக்குப் புரிகிறது. தாத்தாவும் அந்த ஆட்களைப் போலவே கடல் தாண்டி, நடந்து வந்தவர்தான். ஆனால் புத்தகத்தில் இருக்கும் பெயர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்குக் கீழே பணிய லயத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தாத்தா பாட்டியின் ஊர்ப் பெயர் நம் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பது சரியில்லை என்று நான் சபையில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேறியது: முன்னறையில் பெயர்கள் பார்வைக்கு வைக்கப்படும், லயத்துக் குடும்பம் எது கேட்டாலும் பிரதி கொடுக்கப்படும், அதே அறை மாலையில் பிள்ளைகள் படிக்க இடமாகும். மாமா இன்னும் ஒப்பவில்லை. அவர் கருத்தைக் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மாத்தளைச் சின்னத் தாத்தா ஒரு முறை வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். லயத்து ஆட்கள் கணக்குப் பார்க்க வந்தால் முன்வாசலில் ஏறமாட்டார்களாம், குசினிப் பக்கம் கானோரத்தில்தான் (வடிகால் ஓரம்) நிற்பார்களாம். அந்த இடத்தைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். அவர் ஆத்மா சாந்தியடைய இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம். படிப்பறைக்கு வழி முன்வாசல்தான் என்று குழு வைத்ததும் அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான்.

அரசாங்கப் பாதுகாப்பு கிடைக்குமா என்று பலர் கேட்டீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியதுதான் தொன்மைச் சின்னம். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. காப்பித் தோட்டம் வந்ததே 1820களில். ஆகவே தோட்டத்துக்கென்று வந்த நம் மக்கள் எழுப்பிய ஒரு சுவர்கூட அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. பிந்திய கட்டடத்தை அமைச்சர் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம் தயாரிக்கிறோம், பழைய படம் வைத்திருப்பவர்கள் தந்து உதவுங்கள். கம்பளைப் பக்கம் பழைய லயத்திலேயே 2007 முதல் இயங்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் போய்ப் பார்த்து வந்தோம், பெயர்களை எப்படி வைப்பது என்று அங்கே ஒரு யோசனை கிடைத்தது.

வீட்டுக்கு மேலே தூர்ந்து கிடந்த கானைத் தோட்டத்து இளைஞர்கள் சிரமதானமாக வெட்டித் தந்தார்கள். 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் லயங்கள் புதைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கானில் தண்ணீர் தேங்கினால் முதலில் ஆபத்து கீழே உள்ள லயத்துக்குத்தான், பிறகுதான் நம் வீட்டுக்கு. ஒவ்வொரு மழைக்கு முன்னும் கான் துப்புரவுக்குச் சங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்ற பிரேரணையைச் சபையின் முன் வைக்கிறேன்.

வரும் ஆண்டில் வாசல் நிலை, குசினிச் சுவர், புத்தக அலுமாரி ஆகியவை மீதி. மேசன் பாஸுக்கும், சாக்கு நனைத்த அக்காமாருக்கும், இளைஞர்களுக்கும், கடல் கடந்து கையெழுத்து அனுப்பிய உறவுகளுக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்