செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

நமது சனசமூக நிலையத்தின் கடந்த ஆண்டு அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். தைப்பொங்கல், ஆடிப்பிறப்பு, வாணி விழா மூன்றும் வழமைபோல நடந்தன. வாசிகசாலைக்குப் பத்திரிகைகள் தடையில்லாமல் வந்தன. மாரிக்கு முன்னர் வடிகான் துப்புரவாக்கும் சிரமதானம் நடந்தது. வந்தவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தான்.

இவ்வாண்டு புதிதாகத் தொடங்கியது வீட்டுக் குளிரூட்டல் ஆலோசனை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், "ஏசி வாங்குவது அவரவர் வீட்டு விஷயம், நிலையத்துக்கு இதில் என்ன வேலை?" என்று நிர்வாக சபையிலேயே கேள்வி எழுந்தது. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்குகிற காற்று அது. யன்னலைத் திறந்தால் அனல்தான் உள்ளே வரும். அந்த நாட்களில் சனம் கடைக்கு ஓடிப்போய், முதலில் கண்ட மெஷினைத் தவணைக்கு எடுத்துக்கொண்டு வருகிறது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்கிவிடும் பொருள் இது. அதை அளந்து பார்த்து வாங்க உதவுவது பொதுவேலைதான் என்பது என் உறுதியான கருத்து.

தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்த நமது அங்கத்தவர் ஒருவரின் மகனும் நானும், கேட்டவர்களின் வீடுகளுக்குப் போய் அறையை அளந்தோம். ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மா ஒருவரின் வீட்டில் 12 அடிக்கு 10 அடி அறையில் 24,000 பி.ரி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) மெஷின் பூட்டியிருந்தது. பெரிதாக எடுத்தால் கெதியாகக் குளிரும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். "தம்பி, குளிருதுதான். ஆனா உடம்பெல்லாம் பிசுபிசுக்குது" என்றார் அவர். அலுமாரியைத் திறந்து காட்டினார். மடித்து வைத்த சேலைகளின் ஓரத்தில் பூஞ்சணம் படிந்திருந்தது. காரணம் இதுதான்: அளவுக்கு மிஞ்சிய மெஷின் சில நிமிடங்களில் அறையைக் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வெளியே விட அதற்கு நேரம் போதாது. கடலோர ஊருக்குக் குளிரைவிட ஈரம் எடுபடுவது முக்கியம். அந்த அறைக்கு 9,000 போதும், நேரே வெயில் ஏறுகிற கூரையென்றால் 12,000. அதற்கு மேல் தேவையில்லை.

மெஷினுக்கு முன்னர் கூரையைப் பாருங்கள் என்பதைத்தான் எல்லா வீட்டிலும் சொன்னோம். சீலிங் இல்லாத சீற் கூரைக்குக் கீழே எந்த ஏசியும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஓடும். சீற்றுக்குக் கீழே வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் அடித்து, சீலிங் போட்டு, மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்தால் பல வீடுகளில் ஃபானே போதுமாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றும் கூலரைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டார்கள். கச்சான் காலத்து வறண்ட மத்தியானத்தில் அது ஓரளவுக்கு உதவும். மாரியில் ஈரத்தின் மேல் ஈரத்தைத்தான் சேர்க்கும்.

கனடாவிலுள்ள உறவுகள் 'ஹீற் பம்ப்' வாங்கச் சொல்வதாகவும் சிலர் சொன்னார்கள். அதுவும் ஏசியின் அதே வேலையைச் செய்கிற மெஷின்தான். திசை மாற்றும் ஒரு வால்வு இருப்பதால் குளிர்காலத்தில் வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். பனி கொட்டும் ஊருக்கு அருமையான பொருள். மார்கழி மழையிலும் போர்வையோடு சமாளிக்கிற நமக்கு, சூடும் குளிரும் தரும் மொடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் கூரையில் சோலர் ஹீற்றர் வைக்கலாம்.

கரண்ட் பில்லைத்தான் பலர் யோசிப்பதில்லை. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் வகையில் 9,000 மெஷின் இரவில் 8 மணித்தியாலம் ஓடினால் 3, 4 யூனிற் போகும், மாதத்துக்கு 100 யூனிற் அளவில் வரும். 75 வாற் ஃபானுக்கு அதே நேரத்தில் 0.6 யூனிற்தான். நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டினாலே முதல் யூனிற்றிலிருந்து வேறு விலை, 180ஐத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிற்றும் உச்ச விலை. இப்போது 90 எரிக்கிற வீடு ஒரே ஒரு ஏசியால் அந்த உச்சக் கட்டத்துக்குள் போய்விடும். ஆகவே பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். இன்வேர்ட்டர் இல்லாத மெஷின் விலை குறைவு, ஆனால் முழுவேகத்தில் ஓடி நின்று திரும்ப ஓடும். இரவு முழுக்கப் போடுகிறவர்களுக்கு இன்வேர்ட்டர்தான் நல்லது. ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு போட்ட பழைய மெஷினை மலிவென்று வாங்க வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கைப்படி அந்த வாயு பாவனையிலிருந்து அகற்றப்பட்டு வருகிறது, இனி நிரப்புவது கஷ்டம். ஆர்-32 வாயு போட்ட மெஷினாகப் பார்த்து எடுங்கள். அந்த வாயு இலேசாகத் தீப்பற்றக் கூடியது என்பதால் பூட்டுவதைப் படித்த ஆளிடமே கொடுங்கள்.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி பூட்டியிருந்த ஏசி வெளிப்பெட்டி ஒன்றின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தன. கடலுக்கு மறைவான சுவரில் பூட்டுங்கள், பூச்சுப் பூசிய தகடுள்ள மொடலாகக் கேளுங்கள், கரண்டை நிறுத்திவிட்டு இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இதைச் செய்தால் வருடக்கணக்கில் மிச்சம்.

அப்புறம், மனதிலுள்ளதையும் சொல்ல வேண்டும். இந்த ஆலோசனை கேட்டு இரவு பத்து மணிக்கும் எனக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர்களில் கணிசமானோர் இவ்வாண்டு ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லை. சந்தா புத்தகத்தில் அவர்களின் பெயருக்கு எதிரே வெறும் கட்டம்தான் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையில் உள்ளது. கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆட்தொகை, இல்லாமல் பொதுக்கூட்டத்தை ஒத்திவைத்தபோது, நேரத்துக்கு வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருந்த முதியவர்களை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்வது எனக்கு வேதனையாக இருந்தது. சந்தா கட்டாதவர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். ஆனால் பெற்றோல் காசு என் கையிலிருந்துதான் போனது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய கடன் எதுவும் இல்லை, கையிருப்பும் சொல்லும்படியாக இல்லை. வாசிகசாலை மின்கட்டணமும் பத்திரிகைச் செலவும் போக மிஞ்சியது சொற்பம். ஒத்துழைத்த தலைவருக்கும், நிர்வாக சபையினருக்கும், மாதர் சங்கத்தினருக்கும், கிராம அலுவலருக்கும், விழாக்களுக்கு ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நமது வாசிகசாலைக் கூரைக்குச் சீலிங் அடிக்க வேண்டும். பின்னேரத்தில் பிள்ளைகள் அங்கே இருந்து படிக்க முடியாமல் எழுந்து போகிறார்கள். நிலுவைச் சந்தா வந்தாலே செலவில் பெரும்பகுதிக்குக் காணும், வெளியே யாரிடமும் கேட்கத் தேவையில்லை. செயலாளர் பதவிக்கு இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால் தொடர்வதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன். சந்தா புத்தகம் இன்று வாசலடி மேசையில் இருக்கிறது, கூட்டம் முடியும்வரை பொருளாளர் அங்கேயே இருப்பார். இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்