பர்ல் டோலருக்கும் ஒரு பத்தி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், ஒரு பருவம் முழுக்கத் தோல்வியே காணாத கல்லூரி அணிகளைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அதில் நான்கு வரிகள் இருந்தன. ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. இரண்டு கறுப்பின வீரர்களை விட்டுவிட்டு வந்தால், பருவ முடிவில் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ‘பௌல்’ போட்டியில் ஆடலாம் என்றார்கள், அணி மறுத்துவிட்டது. எழுதியதில் பிழை இல்லை. ஆனால் யாருக்காக அந்த மறுப்போ, அந்த இரண்டு பேரின் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை. அது மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

ஒருவர் ஆலி மேட்சன். பந்தைச் சுமந்துகொண்டு ஓடுவதில் அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளிலேயே முதலிடம் அவருக்குத்தான்: 1,566 கஜம், 21 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது). நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில், எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடி டச்டவுன் எடுத்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. 32க்கு 26 என்று ஜெயித்த ஆட்டம் அது. மறுவருடம் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார்.

இன்னொருவர் பர்ல் டோலர். மெம்பிஸ் நகரத்துக்காரர். எதிரணியின் ஓட்டக்காரர்களை மடக்கிச் சாய்க்கும் லைன்பேக்கர். பந்து கையில் இல்லாத ஆட்டக்காரர் என்பதால் கணக்கேட்டில் அவர் பெயருக்கு நேரே பெரிய எண்கள் கிடையாது.

அந்தப் பருவம் எப்படிப்பட்ட காலத்தில் நடந்தது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்கலாம். அதே 1951 அக்டோபரில் ஓக்லஹோமாவில் ஓர் ஆட்டத்தின்போது, டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டை எதிரணி வீரர் ஒருவர் தாடையிலேயே குத்தினார். பிரைட்டின் கையில் அப்போது பந்துகூட இல்லை. தாடை உடைந்தது. அதை வரிசையாகப் படம்பிடித்தவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த மாதிரி ஒரு பருவத்தின் முடிவில்தான், மயாமியில் நடக்கும் ஆரஞ்சு பௌலில் ஆடலாம், ஆனால் அந்த இரண்டு பேர் வரக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. பயிற்சியாளர் ஜோ குகாரிச் அதை வீரர்களிடம் சொன்னார். அவர்களுக்குள் இரண்டு கருத்து இருக்கவில்லை.

மறுத்ததற்கு என்ன விலை என்பதும் கட்டுரையில் இல்லை. அது ஏசு சபையினர் நடத்தும் சின்னப் பல்கலைக்கழகம். கால்பந்து அணியால் அதற்கு நஷ்டம். பௌல் போட்டிக்குப் போயிருந்தால் கணிசமான பணம் வந்திருக்கும். போகவில்லை. பருவம் முடிந்ததும் பணமில்லை என்று கால்பந்தையே நிறுத்திவிட்டார்கள். நான் முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். ஓர் அணியை இரண்டு மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கி, அது ஜெயிக்கத் தொடங்கும்போது கலைப்பது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அணியிலிருந்து மேட்சன், ஜீனோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பிடித்தார்கள். அணிக்குப் பத்திரிகைச் செய்தி எழுதிக்கொண்டிருந்த பீட் ரோசெல் பின்னாளில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கால்பந்து அமைப்பின் ஆணையராகவே ஆனார். இந்த அணியைப் பற்றி யார் எழுதினாலும் பெரும்பாலும் இவர்களோடு முடித்துக்கொள்கிறார்கள்.

டோலருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. கிளீவ்லாந்து தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் 1952இல் கல்லூரி நட்சத்திரங்களுக்கும் தொழில்முறைச் சாம்பியன்களுக்கும் நடந்த ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஆட்ட வாழ்க்கை முடிந்தது. மனிதர் உட்கார்ந்துவிடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பள்ளியில் ஆசிரியரானார், அப்புறம் அங்கேயே தலைமையாசிரியரும் ஆனார். 1965இல் என்.எஃப்.எல். அவரை நடுவராக எடுத்தது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டு எதிலும் அதற்கு முன் கறுப்பின நடுவர் ஒருவர்கூட இருந்ததில்லை. அப்போது ஆணையர் நாற்காலியில் இருந்தவர் அதே ரோசெல்.

1980 ஜனவரியில் பாசடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் நடந்தபோது, நடுவர் குழுவில் தலைமைக் கோட்டு நடுவராக நின்றவர் டோலர். 1951இல் லயோலா பல்கலைக்கழகத்தை 20க்கு 2 என்று வென்று அவருடைய அணி தன் கடைசி ஆட்டத்தை முடித்ததும் அதே மைதானத்தில்தான். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை.

கட்டுரையாளர் மீது எனக்குக் குறையில்லை. மறுத்தவர்களின் பெருந்தன்மையை எழுத வந்தவர், விலக்கச் சொல்லப்பட்டவர்களை விட்டுவிட்டார். இதழில் இடம் இருந்தால் டோலரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் போடுங்கள். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதி ஒன்றுக்கு ஜேம்ஸ் ஃபெலன் என்பவரின் பெயர் இருந்தது. ‘கலிபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம்’ என்ற கோஷத்தோடு 1920இல் செனட் தேர்தலில் நின்றவர் அவர். மாணவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2017இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது அது டோலர் விடுதி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருநெல்வேலி