சிலை தொட்டால் கெடுமா என்று கேட்ட கட்டுரைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்காக நீங்கள் போட்டிருந்த ‘பிள்ளைகளோடு மியூசியம் போகலாம்’ கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக, இரண்டாவது முறை அந்த ஒரு வரிக்காக. ‘நூற்றாண்டுக்கணக்கில் பாலும் தேனும் அபிஷேகம் கண்ட சிலைகள், ஒரு குழந்தையின் பிஞ்சுக் கை பட்டா கெட்டுவிடப் போகின்றன?’ படிக்க அழகாகத்தான் இருக்கிறது. எழுதியவர் எந்தச் சிலை முன்னாலும் ஐந்து நிமிடம் நின்றதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

அபிஷேகத்தில் தேயவில்லை என்று யார் சொன்னது? நம் பழைய கோயில்களில் உற்சவமூர்த்தியின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள், எத்தனையோ சிலைகளில் மூக்கும் உதடும் வழுவழுவென்று மழுங்கியிருக்கும், சிலவற்றில் அழிந்துபோன கண்ணை மறுபடி வெட்டித் திருத்தியிருப்பார்கள். ரோமில் புனித பேதுருவின் வெண்கலச் சிலைக்கு வலது கால் விரல்களே தெரியாது, கும்பிட வந்தவர்கள் தொட்டும் முத்தமிட்டும் தேய்த்தது. அதுகூட பக்தி. மியூசியத்துக்கு வந்திருக்கும் வெண்கலங்கள் பல, யாரோ வீடு கட்ட வானம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி அரசிடம் வந்து சேர்ந்தவை. மண்ணின் உப்பு உலோகத்துக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும், ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். அப்புறம் வெளிர்பச்சையாகப் பொடிபொடியாக உதிரும். இதை ‘வெண்கல நோய்’ என்பார்கள். நம் கை வியர்வையிலும் அதே உப்புதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை, கட்டுரையாளரிடம் சொல்லத்தான் நேரம் கிடைத்திருக்காது.

நான் 31 வருடம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன். என் சின்ன வயதில் மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள், மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. கேலிதான், ஆனால் 1851-இல் தொடங்கிய அந்த இடத்தில் ஒரு பயத்தோடுதான் நடப்போம். என் வகுப்புப் பிள்ளைகளை எந்த மியூசியத்துக்கு அழைத்துப் போவதானாலும் முந்தின நாள் ஒத்திகை உண்டு. வகுப்பு நடுவில் தண்ணீர்ப் பானையை வைத்து, அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். அதுதான் சிலை. வட்டத்துக்குள் கால் வைத்தவன் அவுட். பையை முதுகில் மாட்டாதே, நெஞ்சோடு மாட்டு, திரும்பும்போது பின்னால் இருப்பதை இடிப்பாய். பேனா வேண்டாம், பென்சில் போதும். பிளாஷ் போடாதே. இவ்வளவுதான் பாடம். பத்து வயசுப் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை. ஒரு மியூசியத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) என் பிள்ளைகள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது ஒருவர் கயிற்றைத் தாண்டிப் போய்த் தன் மகளைக் கல் நந்தியின் மேல் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார். காவலுக்கு இருந்தவர் போனில் மூழ்கியிருந்தார். நான் போய்ச் சொன்னதற்கு, “சார், நீங்க ஸ்டாஃபா?” என்றார். சரி, இல்லைதான். திரும்பி வந்தால் என் பையன் ஒருவன் கேட்கிறான், “சார், அப்ப நாங்களும் ஏறலாமா?” அன்றைக்கு அவனுக்கு ‘கூடாது’ என்றேன். இப்போது அவன் பெரியவனாகி, பிள்ளையும் பெற்று, உங்கள் கட்டுரையைப் படித்தால் ‘ஏறலாம்’ என்று அல்லவா பதில் கிடைக்கும்!

ஒரு பாட்டியையும் பார்த்திருக்கிறேன். அம்மன் சிலையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரை அதட்ட எனக்கு மனசு வரவில்லை. மெதுவாகச் சொன்னதும் நான்கடி தள்ளி நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கோயிலில் இதே அம்மனைத் தொட வேண்டும் என்று நம்மில் யாருக்காவது தோன்றுமா? மியூசியத்துக்கு வந்துவிட்டால் மட்டும் அவள் தோளில் கை போட்டு செல்ஃபி.

2025-இல் இத்தாலியின் வெரோனாவில், படிகக் கற்கள் பதித்த ஒரு கலைப்படைப்பு நாற்காலியில் போட்டோவுக்காக ஒருவர் உட்கார, அது உடைந்துபோனதே, அதைத் துணுக்காகப் போட்டுச் சிரித்தது நீங்கள்தான். வெள்ளைக்காரன் உட்கார்ந்தால் அநாகரிகம், நம்மவர் நந்தி மேல் ஏறினால் பிள்ளைகளின் ஆர்வம் போலிருக்கிறது.

சொல்ல வந்தேன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு எழும்பூர் திருவாலங்காட்டு நடராஜர் படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருந்தீர்கள், தூக்கிய பாதம் வலது பாதம் ஆகிவிட்டது. கால் மாறி ஆடியது மதுரை வெள்ளியம்பலத்தில், திருவாலங்காட்டில் இல்லை என்று அப்போதே கார்டு எழுதிப் போட்டேன். இன்றுவரை பதிலில்லை. எழும்பூரில் அவர் பாட்டுக்கு இடது பாதத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி தவறு என்று இரண்டு வரித் திருத்தம், கூடவே பை, பென்சில், பிளாஷ், கயிறு பற்றி ஒரு சின்னக் கட்டம். பள்ளிகள் சுற்றுலா கிளம்புவதற்கு முன்னால் வந்தால் நல்லது. அதே பக்கத்தில் போடுங்கள், ராசிபலனுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்