அட்டிகையை உருக்கும் முன்

கோத்தகிரி
வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

அன்புள்ள வசந்தா,

வாட்ஸப்பில் நீ அனுப்பின படம் வந்தது. கட்டைவிரலால் தட்டிப் பதில் போடுகிற சமாசாரமா அது? அதனால்தான் தாளை எடுத்தேன். இங்கே மூன்று நாளாக ஒரே பனிமூட்டம், எதிர்வீட்டு சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. முட்டி வலி அப்படியேதான். பேரிக்காய் இந்த வருஷம் கொஞ்சம்தான் காய்த்தது, அதிலும் பாதி குரங்குக்கு.

உன் அம்மாவின் கெம்பு அட்டிகையைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டேன், எங்கப்பா பட்டறையில் செய்தது. பேத்தி கல்யாணத்துக்கு அதை உருக்கிப் புது செட் எடுக்கலாமா, பாவமில்லையா என்று கேட்டிருக்கிறாய். பாவம் என்று நான் சொன்னால் அப்பா மேலே இருந்து சிரிப்பார். தை பிறந்தால் போதும், எஸ்டேட் வேலைக்கு வந்த தெக்கத்திக்காரர்கள் பாம்படம், தண்டட்டி என்று காது நகைகளை முடிச்சு முடிச்சாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பொன் உருக்கும் கிண்ணமான மூசையில் போட்டால் பாம்படம் ஒரு நிமிஷம் தன் உருவத்தோடு அப்படியே நிற்கும். பிறகு சட்டென்று குழைந்து ஒரு சொட்டாகிவிடும். துருத்தி ஊதியவள் நான். பெண் பிள்ளை என்று அதோடு நிறுத்திவிட்டார், சாமணத்தை, அந்தக் குட்டி இடுக்கியைத் தொட விட்டதில்லை.

வாத்தியாரம்மாவாகி முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினபோதுதான் புரிந்தது, உலகம் பூராவும் பொன்னின் கதை இதுதான். 1520-இல் டூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் பிரஸ்ஸல்ஸில் மெக்சிகோப் பொன்னைப் பார்த்தார். இரண்டு கையை விரித்த அகலத்துக்கு ஒரு பொன் சூரியன், அதே அளவில் வெள்ளி நிலா. என் மனசை இப்படிக் குளிரவைத்த எதையும் வாழ்நாளில் கண்டதில்லை என்று எழுதிவைத்தார். அவர் அப்பாவும் பொற்கொல்லர்தான் தெரியுமோ? மகனும் முதலில் பட்டறையில் உட்கார்ந்தவர். பார்க்கத் தெரிந்த கண் அது. அந்தச் சூரியன் இன்று எங்கும் இல்லை. 1533-இல் பெருவில் ஸ்பானியர் சிறைபிடித்த இன்கா மன்னன் அதவால்பாவை மீட்க ஓர் அறை நிறையப் பொன் வந்தது. சுமார் 6 டன். அதை உருக்க உட்காரவைத்தது யாரை என்கிறாய்? இன்கா பொற்கொல்லர்களையே. பொன்னும் போயிற்று, ராஜாவையும் கொன்றுவிட்டார்கள்.

நம்மூரிலும் அதே கதைதான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டியிருப்பதைப் படித்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு எடைக்கல், நகையை நிறுக்க தட்சிணமேருவிடங்கன் என்று இன்னொரு எடைக்கல். முத்து எத்தனை, அதில் எது உருண்டை, எது சப்பை என்றுகூட எழுதி, சரடும் சட்டமும் செப்பாணியும் நீக்கி எடை போட்டிருக்கிறார்கள். உன் கடைக்காரர் விற்கும்போது கல்லோடு சேர்த்து நிறுப்பார், வாங்கும்போது கல், அரக்கு, அழுக்கு எல்லாம் கழிப்பார். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி மட்டும் எங்களுக்கு! போகட்டும். அத்தனை கணக்கு எழுதியும், கல்வெட்டு நிற்கிறது, நகை இல்லை.

தப்பிப் பிழைத்ததெல்லாம் புதைத்தது. மெசபொத்தேமியாவில் ‘ஊர்’ என்றே பெயருள்ள நகரத்தில் புவாபி என்ற ராணியின் தலையில் தங்க இலைகள் 4,500 வருஷம் வாடாமல் கிடந்தன, மண்ணுக்குள் இருந்ததால். நம் மலை உச்சிகளில் வட்டமாகக் கல் அடுக்கின பழைய ஈமக்குழிகள் இருக்கின்றனவே, 1870-களின் தொடக்கத்தில் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் அவற்றைத் தோண்டினார். ஊட்டி பிரீக்ஸ் ஸ்கூல் அவர் பெயரில்தான். பொன் நகையும் வெண்கலக் கிண்ணமும் கிடைத்து, இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நாம் ஸ்கூல் விட்டு ஆடு மாதிரி ஏறி விளையாடின மேடுகள்! யாரோ ஒருத்தி கழுத்திலிருந்து கழற்றாமல் புதைத்ததால் மூசைக்குத் தப்பியது.

இப்போது அட்டிகைக்கு வருகிறேன். பதக்கத்தின் ஓரத்தில் ரவை ரவையாகப் பொன்மணி ஓடுகிறதே, பூதக்கண்ணாடி வைத்துப் பார். மெல்லிய கம்பியைப் பொடியாக நறுக்கிக் கரித்தூளுக்குள் வைத்துச் சூடேற்றினால் ஒவ்வொரு துண்டும் தானாக உருண்டுகொள்ளும். அது சுலபம். தகட்டில் ஒட்டுவதுதான் வித்தை. பற்றவைக்கும் பொடி கூடினால் மணிகளின் இடுக்கில் வழிந்து அடைத்துவிடும், நெருப்பு கூடினால் எல்லாம் ஒரே சொட்டு. 2,600 வருஷத்துக்கு முன் இத்தாலியில் எட்ருஸ்கர்கள் மாவு மாதிரி நுண்ணிய மணிகளை ஒட்டியிருக்கிறார்கள். அது எப்படி என்று ஐரோப்பாவே மறந்துபோய், 19-ஆம் நூற்றாண்டில் ரோமில் நகை செய்யும் கஸ்தெல்லானி குடும்பத்தார் தலைகீழாக நின்றும் அந்த நேர்த்தி வரவில்லை. லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர்தான் 1930-களில் ஒரு வழி காட்டினார். செம்பு உப்பைப் பசையில் குழைத்து மணியை ஒட்டிச் சுட்டால் பசை கரியாகும். அந்தக் கரி செம்பைப் பிரித்துக் கொடுக்கும். செம்பும் பொன்னும் தொடுகிற இடம் மட்டும் 900 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே இளகிப் பிடித்துக்கொள்ளும். பொன் உருக 1,064 டிகிரி வேண்டும். நடுவில் இருக்கிற நூற்றுச் சொச்சம் டிகிரியில்தான் அந்த அழகெல்லாம். எங்கப்பா வைத்து ஊதினது பொடிதான், ஆனால் அவருக்கும் பிழைப்பு அந்த மாதிரி ஒரு இடுக்கில்தான் ஓடியது. டிகிரி கிகிரி தெரியாது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொன்னின் நிறத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது.

உருக்குவதானால் உருக்கு வசந்தா. பேத்தி போட்டுக்கொள்ளாமல் பீரோவில் கிடப்பதற்கு அது மேல். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே கொண்டு வா. பின்பக்கத் தகட்டில் இரண்டு கிளி செதுக்கியிருப்பார், போட்டுக்கொண்டவர் கழுத்துக்கு மட்டும் தெரிகிற கிளி. அதைப் படம் எடுத்து, கல்லை எண்ணி, ராஜராஜன் ஆட்கள் மாதிரி ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுவோம். அப்பாவின் தராசு என்னிடம் இருக்கிறது. குன்றிமணியைத்தான் பேரன் விளையாடித் தொலைத்துவிட்டான்.

இன்னொன்று. இடமிருந்து நாலாவது கெம்பு மட்டும் ஒரு சாயல் வெளுத்திருக்கும், பார். அது விழுந்துபோய் உன் அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு அழுதபடி வந்தார்கள். மறுநாள் ஏதோ கல்யாணம். அப்பா கோயம்புத்தூர் போயிருந்தார். முடிச்சில் கல் இல்லை, வழியில் எங்கேயோ நழுவியிருந்தது. பெட்டியில் கிடைத்த வேறொரு கல்லை வைத்து, அதைப் பிடித்துக்கொள்ளும் குந்தனப் பொன்தகட்டை அழுத்தினது நான். உன் அம்மா கடைசி வரைக்கும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நானும் அப்பாவிடம் சொன்னதில்லை.

அன்புடன்,
ருக்மணி