ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: கொச்சி போல்காட்டி தீவுப் பயணம் பற்றி

குன்னூர்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதத்தின் முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைக் கொச்சிக்குக் கூட்டிச் செல்கிறோம். போகும் இடம் போல்காட்டி என்கிற சிறு தீவு. 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை ஒன்று அங்கே தோட்டத்தோடு இருக்கிறது. இப்போது அது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல். சுற்றறிக்கை போனதுமே, "ஓட்டலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? கூடவே ஒரு தீம் பார்க் சேர்க்கக் கூடாதா?" என்று சிலர் கேட்டுவிட்டீர்கள். சேர்க்கவில்லை. தண்ணீரில் சறுக்கி விளையாட எப்போது வேண்டுமானாலும் போகலாம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கடல் மட்டத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தில் நிறுத்தி, செடியும் வீடும் நம் உடம்பும் அங்கே எப்படி மாறுகின்றன என்று பார்க்க வைப்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

சிம்ஸ் பூங்காவை நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே சுற்றி வருவார்கள். 1874இல் தொடங்கிய அந்தப் பூங்கா சரிவுக்கும் குளிருக்கும் ஏற்றபடி அமைந்தது. போல்காட்டி அதற்கு நேர் எதிர். தரை மட்டம், மண்ணில் மணல் அதிகம், நான்கு பக்கமும் உப்புநீர்க் காயல். நம் ஊர் மண்ணின் புளிப்பில் நீலமாகப் பூத்துக் குலுங்கும் ஹைட்ராஞ்சியாவை அங்கே வைத்தால் வெயில் தாங்காமல் வாடிப்போகும். அங்கே உப்புக்காற்றில் நன்றாக நிற்கும் தென்னையை இங்கே நட்டால் காய் பிடிக்காது. இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து எழுதியிருக்கிறார்கள். நேரில் பார்த்ததில்லை.

மாளிகையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பிள்ளைகளோடு பேச உதவும். டச்சுக்காரர்களிடமிருந்து கொச்சியை ஆங்கிலேயர் 1795இல் பிடித்தார்கள். 1909இல் இந்த மாளிகை குத்தகைக்கு அவர்கள் கைக்கு வந்து, ரெசிடென்ட் என்ற அதிகாரியின் இல்லமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசுடைமையாகி ஓட்டலானது. ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியது 1822இல். அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முந்தியது இந்தக் கட்டடம். கடலோரத்தில் வீடு கட்டிய ஐரோப்பியர் வெயிலைத் தள்ளி வைக்க அகலமான தாழ்வாரமும் உயரமான கூரையும் வைத்தார்கள். மலைக்கு வந்தவர்களோ வெயிலை உள்ளே இழுக்கப் பெரிய கண்ணாடி ஜன்னலும் குளிர் காயக் கணப்பும் வைத்தார்கள். கிளம்புவதற்கு முன் பெட்ஃபோர்ட் பக்கமோ வெலிங்டன் பக்கமோ ஒரு பழைய பங்களாவை வெளியே நின்று ஒரு தாளில் வரைந்து வரச் சொல்லியிருக்கிறோம். அதே தாளின் மறுபக்கத்தில் போல்காட்டி மாளிகையை வரைவார்கள்.

டச்சுக்காரர்கள் என்றதும் இன்னொரு சேதியும் உண்டு. மலபாரில் அவர்களுடைய தளபதியாக 1670களில் இருந்த வான் ரீடு, இந்தக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு தொகுத்தார். ஹோர்த்துஸ் மலபாரிகுஸ் என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் அதில் உள்ளன. எந்தச் செடி எதற்கு மருந்து என்ற அறிவைத் தந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற உள்ளூர் வைத்தியர். தோட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, இலையைப் பறிக்காமல் பார்த்து வரைந்து, அதன் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், வீட்டில் அதற்குள்ள பயன் மூன்றையும் எழுத வேண்டும். பாட்டிகளிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

இனி பயணம். சனிக்கிழமை காலை 4:30க்குப் பள்ளி வாசலில் இருந்து இரண்டு வேன்கள் கிளம்பும். கோவை வரை வேன், அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில். வேனிலேயே கொச்சி வரை போகலாமே என்றால், மாநில எல்லை தாண்ட வேனுக்குத் தனி பர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். அதைவிட, மொத்தம் 250 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் குலுங்கினால் பிள்ளைகள் போய்ச் சேரும்போது துவண்டுபோவார்கள். அவ்வளவு விடியலில் ஏன் என்றால், பர்லியாருக்கும் கல்லாறுக்கும் நடுவில் யானை சாலையில் நின்றால் அது நகரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ரயிலைத் தவறவிடாமல் இருக்க ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கிறோம். நாங்கள் 4:30 என்றால் 4:30தான். தாமதமாக வரும் பிள்ளைக்காக மற்ற 41 பேரைக் காக்க வைக்க மாட்டோம்.

மலை இறங்கும்போது வாந்திதான் முதல் தொல்லை. கொண்டை ஊசி வளைவில் உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது. கண் மட்டும் ஃபோனிலோ புத்தகத்திலோ நிலைத்திருந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் குமட்டும். வெளியே தூரத்தில் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். காலையில் இரண்டு இட்லியோ இரண்டு வாழைப்பழமோ போதும். பால், பூரி, நேற்று இரவு பிரியாணி மிச்சம் எதுவும் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, அதிலும் குமட்டல் வரும். வழக்கமாக மாத்திரை போடும் பிள்ளைகளுக்கு உங்கள் டாக்டர் சொன்னதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுத்துவிடுங்கள். வேன் கிளம்பிய பிறகு போட்டால் பலன் தெரியாது. ஆசிரியர்கள் மாத்திரை கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் இறுக்கமான மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கையில் வைத்திருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் நம் மாவட்டத்தில் கூடாது. கூடுமென்றாலும் வளைவில் கவர் கிழிந்தால் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து நாசம்.

காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும், இரண்டு புளிப்பு மிட்டாய் கொடுத்தனுப்புங்கள். காது அடைப்பதற்கான காரணத்தை அறிவியல் ஆசிரியை வேனிலேயே காட்டுவார். ஆய்வகத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் குன்னூரிலேயே இறுக மூடிக் கொண்டு வருவார். கீழே போகப் போகக் காற்றழுத்தம் கூடுவதால் அது தானாக நசுங்கும். கொச்சியில் பார்த்தால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒடுங்கியிருக்கும். திரும்பும்போது அங்கே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இதற்கு நேர்மாறாக உப்பும். பையின் அடியில் வைத்து அழுத்தினால் வெடித்துத் துணியெல்லாம் எண்ணெயாகும். மேலே வைக்கச் சொல்லுங்கள். தேயிலை எங்கே முடிகிறது, பாக்கு மரம் எங்கே தொடங்குகிறது என்றும் பிள்ளைகள் குறித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

அடுத்தது வெயில். அங்கே பகல் நம் ஊரைவிட எட்டு, பத்து டிகிரி கூடுதல். அதுகூடப் பரவாயில்லை, காற்றில் ஈரம் அதிகம் என்பதுதான் சிக்கல். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அங்கே ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். நம் பிள்ளைகளுக்குத் தாகம் எடுத்துத் தண்ணீர் குடித்துப் பழக்கம் இல்லை. தலைவலி, கால் இழுப்பு வந்த பிறகுதான் கேட்பார்கள். அதனால் அரை மணிக்கு ஒரு முறை விசில் அடித்து எல்லோரையும் குடிக்க வைப்போம். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் கட்டாயம். உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் இரண்டு கொடுத்தனுப்புங்கள். அந்த 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் சரியாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் குடித்தால் உப்பு அதிகமாகி இன்னும் தாகம் எடுக்கும், வயிறும் கெடும். ஜூஸ் போல விற்கும் இனிப்பு டெட்ரா பேக் இதற்கு மாற்று ஆகாது.

உடை பருத்தியாக இருக்கட்டும், இரண்டு செட், ஒரு தொப்பி. ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையில் ஊறி, தொடை உராய்ந்து புண்ணாகும். ஸ்வெட்டர் ஒன்று வேண்டும், விடியற்காலையிலும் ஞாயிறு இரவு மலை ஏறும்போதும் தேவைப்படும். பள்ளி ஸ்வெட்டர் எல்லாம் ஒரே நிறம் என்பதால் கழுத்துப் பட்டையில் பெயரைத் தைத்து அனுப்புங்கள்; பேனாவில் எழுதியது நிற்பதில்லை.

சனி மதியம் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்து சாப்பிட்டு, வெயில் தாழும் வரை விடுதியில் ஓய்வு. சாப்பாட்டில் இரண்டு விஷயம் பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். பருக்கை பெரிதான சிவந்த மட்டை அரிசிச் சோறு வரும். பிடிக்காதவர்களுக்கு வெள்ளைச் சோறும் தயிரும் சொல்லியிருக்கிறோம். குடிநீர் இளஞ்சிவப்பாக இருக்கும். அழுக்கு என்று ஒதுக்க வேண்டாம், பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த நீர் அது. அதைத்தான் குடிக்க வேண்டும்.

மாலை நாலரைக்கு உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் உள்ள மங்களவனம். சுமார் 2.7 ஹெக்டேர்தான், ஆனால் நகரத்தின் நடுவில் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தது போல மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றில் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. கண்டல் மரத்தின் விதை மரத்திலேயே முளைத்துத் தொங்குவதையும் பார்க்கச் சொல்லுவோம். கொசு உண்டு, முழுக்கை சட்டை போடச் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை 7:30க்கு உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ. 2023இல் தொடங்கிய மின்கலப் படகு அது, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியது. ஏறும் மேடை தண்ணீரில் மிதப்பதால் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்படியிருந்தும் ஓடிவந்து ஏறினால்தான் கால் இடறும். ஒரு படகில் 100 பேர்வரை போகலாம், ஆனால் மற்ற பயணிகளும் இருப்பார்கள். அதனால் பிள்ளைகளை ஏழு பேராக ஆறு குழுக்களாகப் பிரித்திருக்கிறோம். குழு முழுதாக ஏற முடியாவிட்டால் அந்தக் குழு அடுத்த படகில், ஆசிரியர் ஒருவரோடு வரும். மழை மின்னலால் படகு நின்றுவிட்டால் கோஸ்ரீ பாலம் வழியாக பஸ்ஸில் தீவுக்குப் போவோம். மார்ச் மாதக் கோடை மழை அங்கே பெரும்பாலும் மாலையில்தான் இடியோடு வரும். காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தில் முக்கிய வேலை மரத்தின் உயரத்தை நிழலை வைத்து அளப்பது. ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். உடனே மரத்தின் நிழலை அடிமரத்தின் நடுவிலிருந்து நுனி வரை அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 125 செ.மீ., மரத்தின் நிழல் 15 மீட்டர் என்றால் மரம் 12 மீட்டர். இரண்டு அளவுக்கும் நடுவில் பத்து நிமிடம் போனாலே நிழல் நகர்ந்து கணக்கு பிசகும். குன்னூரில் இதைச் செய்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். சரிவில் நிழல் நீண்டோ சுருங்கியோ விழும். தீவின் தட்டையான புல்தரை இதற்குத் தோதான இடம். நேரமும் பார்க்க வேண்டும். ரொம்பக் காலையில் நிழல் நீண்டு காயலில் விழுந்துவிடும். நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் இருப்பதால் நிழல் காலடியிலேயே சுருண்டு, சிறு பிழையும் பெரிதாகும். ஒன்பதிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுவோம். அடிமரத்தின் சுற்றளவை 137 செ.மீ. உயரத்தில் எடுப்பார்கள், வனத்துறையினர் அளப்பதும் அங்கேதான். தையல் டேப் ஒன்று கொடுத்தனுப்புங்கள். முந்தைய வாரம் சிம்ஸ் பூங்காவில் குளத்துப் பக்கம் உள்ள சமதளத்தில் ஒரு ஒத்திகை உண்டு.

அது ஆட்கள் தங்கும் ஓட்டல் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். பார்க்க அனுமதித்த இடங்களைத் தவிர அறைகள் பக்கம் போகக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, தங்கியிருப்பவர்களைப் படம் எடுக்கக் கூடாது. வெளி உணவு அங்கே திறக்க மாட்டோம். காயல் ஓரத்துக்கு ஆசிரியர் இல்லாமல் யாரும் போகக் கூடாது. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இதே விதிதான். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் இந்த முறை இல்லை. ஒரே நாளில் நாலு இடத்தை ஓடி ஓடிப் பார்த்தால் பஸ்ஸில் ஏறி இறங்கியதுதான் ஞாபகம் இருக்கும்.

மதிய ரயிலில் கிளம்பி, இரவு ஒன்பதரை வாக்கில் பள்ளிக்கு வருவோம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வகுப்புக் குழுவில் செய்தி வரும், அதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். இரவில் பிள்ளையைத் தனியாக நடந்து வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். அம்மா, அப்பா, அல்லது நீங்கள் எழுதிக் கொடுத்த உறவினர் வந்து கையெழுத்திட வேண்டும்.

ஐந்து ஆசிரியர்கள் வருகிறார்கள், அதில் மூவர் ஆசிரியைகள். பெண் பிள்ளைகள் நாப்கின் எடுத்து வரட்டும். எதுவானாலும் தயங்காமல் ஆசிரியையிடம் சொல்லலாம். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் படிவத்தின் பின்பக்கம் மறைக்காமல் எழுதுங்கள். இன்ஹேலர் பெரிய பைக்குள் போகாமல் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். கைச்செலவுக்கு 200 ரூபாய்க்கு மேல் வேண்டாம். ஃபோன் வேண்டாம்.

கட்டணம் 2,400 ரூபாய். வேன், ரயில், படகு, தங்குமிடம், நான்கு வேளைச் சாப்பாடு எல்லாம் அடக்கம். இரண்டு தவணையாகவும் கட்டலாம். கட்ட முடியாத நிலை இருந்தால் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், என்னிடம் நேரில் சொல்லுங்கள். பணத்துக்காக யாரும் பின்தங்க வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தை, ரயில் டிக்கெட்டுக்காக ஆதார் நகலோடு, வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் டிக்கெட் போட்ட பிறகு மாற்றுவது பெரும்பாடு. படிவத்தில் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்